எது ஒரிஜினல்? – ஒரு பழைய ஜீப்பின் சரித்திரம்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஜீப்பைப் பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த வருஷத்து வண்டி?" என்பது. 1964 என்று சொன்னதும் இரண்டாவது கேள்வி தயாராக வரும்: "எல்லாம் ஒரிஜினலா?" முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு இந்தக் கட்டுரை முழுவதும் தேவைப்படுகிறது.

வேளாண் துறையில் 1978ல் சேர்ந்து 2013ல் ஓய்வு பெற்றேன். மூன்று வருடம் கழித்து, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரரிடம் இந்த வண்டியை வாங்கினேன். அன்று முதல் சனிக்கிழமை என்றால் எனக்கு ஜீப் நாள். உக்கடத்தில் நாற்பது வருடம் பட்டறை நடத்தி, இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்ட ஒரு பெரியவர் துணைக்கு வருவார். ஊருக்கே அவர் 'பாய்'. எனக்கும் அப்படித்தான். என்னை 'சார்' என்று கூப்பிடுவதை மட்டும் அவர் விடவே மாட்டேன் என்கிறார். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாடு வரை வேலை. சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் பேச்சு. அந்தப் பேச்சில் கிடைத்ததையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பிறந்தபோதே கலவை

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு ஓர் அழைப்பு அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு சின்ன உளவு வண்டி வேண்டும், எடை 1,300 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது, மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. (அந்த எடையை யாராலும் எட்ட முடியவில்லை. பிறகு ராணுவமே தளர்த்திக்கொண்டது.) அழைப்பை மதித்து முன்வந்தவை இரண்டே கம்பெனிகள். ஒன்று, பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற ஊரில் நொடித்துப் போகும் நிலையில் இருந்த அமெரிக்கன் பேன்டம். இன்னொன்று, ஒஹாயோவின் டொலிடோ நகரத்து வில்லிஸ்-ஓவர்லேண்ட்.

பேன்டம் கம்பெனியில் அப்போது வரைபடம் போடக்கூட ஆள் இல்லை. டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை வரவழைத்தார்கள். அவர் சில நாட்களில் வண்டியை வரைந்து கொடுத்தார். 1940 செப்டம்பர் 23 அன்று, கெடு முடிவதற்குள், முதல் வண்டி பால்டிமோர் அருகே ஹோலபர்ட் ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த முதல் வண்டியின் எஞ்சின் கான்டினென்டல் என்ற கம்பெனி செய்தது. ஆக்ஸில் ஸ்பைசர் கம்பெனி கொடுத்தது, அதுவும் ஸ்டூட்பேக்கர் காருக்குச் செய்துகொண்டிருந்த ஆக்ஸிலைத் திருத்திக் கொடுத்தது. 49 நாளில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய முடியுமா? கையில் கிடைத்ததைப் பொருத்தித்தான் ஜீப் பிறந்தது.

அதோடு நிற்கவில்லை. பேன்டமின் வரைபடங்களை ராணுவம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. வில்லிஸின் எஞ்சின்தான் பலமானது, 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். அதனால் எஞ்சின் வில்லிஸுடையது என்று முடிவாயிற்று. முன்பக்கத்து அழுத்துத் தகட்டுக் கிரில் ஃபோர்டிடமிருந்து வந்தது. யோசனை கொடுத்த பேன்டம் கட்டியது மொத்தத்தில் மூவாயிரத்துக்கும் குறைவு. பிறகு அவர்கள் டிரெய்லர் செய்யப் போய்விட்டார்கள். வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஏறத்தாழ 6,40,000 வண்டிகள் செய்தார்கள்.

இரண்டு தொழிற்சாலை வண்டிகளின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும் என்பது ராணுவத்தின் கட்டளை. போர்க்களத்தில் உடைந்த இரண்டு வண்டிகளிலிருந்து ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய முடிய வேண்டும் அல்லவா? ஃபோர்டு தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, தான் செய்த போல்ட்டின் தலையில்கூட 'எஃப்' என்ற எழுத்தைக் குத்தி அனுப்பியது. இன்றைக்குப் பழைய ராணுவ ஜீப்பைத் திருத்தும் வெளிநாட்டு ஆர்வலர்கள், 'எஃப்' குத்திய போல்ட்டை ஒவ்வொன்றாகத் தேடி, விலை கொடுத்து வாங்குகிறார்களாம். அன்று போர்முனையில் ஸ்பேனர் பிடித்த சிப்பாய் எந்தப் போல்ட் கிடைத்தாலும் போட்டு முடுக்கியிருப்பான்!

நம் நாட்டுக்கு வந்த கதை

போர் முடிந்ததும் இங்கே விடப்பட்ட ராணுவ வண்டிகள் 'டிஸ்போசல்' என்ற பெயரில் ஏலத்துக்கு வந்தன. எஸ்டேட்காரர்களும் காண்டிராக்டர்களும் வாங்கினார்கள். இந்தியாவில் பல பட்டறைகளுக்கு ஜீப் முதலில் அறிமுகமானது இப்படி, ஏற்கெனவே அடிபட்ட வண்டியாகத்தான்.

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் குற்றச்சாட்டும் பழைய ஜீப் விஷயத்தில்தான் எழுந்தது. 1948ல் காஷ்மீர் சண்டைக்காக, லண்டனில் இந்திய ஹை கமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், பழுது நீக்கிய ஜீப்புகளை வாங்க சுமார் 80 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். வந்து இறங்கியவை 155. அவையும் ஓடும் நிலையில் இல்லை என்று பாராளுமன்றத்தில் பெரிய ரகளை. 1955ல் அரசாங்கம் அந்த விவகாரத்தை முடித்துவைத்தது. பாயிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "நூத்தி அம்பத்தஞ்சு வண்டியும் ஓடலைன்னா, அதுல இருந்து நாப்பது வண்டியாவது ஓட வெச்சிருக்கலாமேங்க சார்? ஒருத்தரும் ஸ்பேனர் எடுக்கலையா?" சரித்திரப் புத்தகங்களில் நான் பார்க்காத கேள்வி இது.

1945ல் லூதியானாவில் 'மஹிந்திரா அண்டு முகமது' என்ற பெயரில் ஓர் இரும்பு வியாபாரக் கம்பெனி தொடங்கியது. பங்குதாரர்களில் ஒருவரான குலாம் முகமது பிரிவினையின்போது பாகிஸ்தான் போய், அங்கே முதல் நிதி மந்திரியாகவும் பிறகு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948ல் கம்பெனியின் பெயர் 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' ஆயிற்று. 1940களின் கடைசியில் பம்பாய் மஸகானில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்குமதி செய்து பூட்டத் தொடங்கினார்கள். 1950களில் படிப்படியாகப் பாகங்களை இங்கேயே செய்தார்கள்.

என் வண்டி சி.ஜே.-3பி என்ற மாடல். பேனட் தூக்கலாக, நெற்றி உயர்ந்த ஆள் மாதிரி இருக்கும். அதற்குக் காரணம் அழகு அல்ல. பழைய எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில் இருந்தன. அதைத் திருத்தி, உள்ளே காற்று இழுக்கும் வால்வுகளைத் தலையில் வைத்ததும் எஞ்சின் உயரமாகிவிட்டது. 'ஹரிக்கேன்' என்று அதற்குப் பெயர். அது உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காகப் பேனட்டைத் தூக்கினார்கள். அமெரிக்காவில் 1953ல் வந்த இந்த மாடல் 1968ல் நின்றுபோனது. நம் நாட்டில் அந்த உடல்வாகு அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

சீட்டுக்கு அடியில் ஒரு பட்டறை

1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன்பின் பிளாக் பிளாக்காக ஜீப் வந்தது. கிராமத்துக்கு அரசாங்கம் என்பதே ஜீப்பில்தான் வந்தது. பி.டி.ஓ. ஜீப், அம்மை குத்த வரும் ஜீப், குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப், தேர்தல் என்றால் கட்சிக் கொடி கட்டிய ஜீப். புழுதியைப் பார்த்தே குழந்தைகள் "ஜீப்பு வருது" என்று கத்துவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலக ஜீப்பை ஓட்டியவர் ஐம்பதைத் தாண்டியவர். டிரைவர் சீட்டுக்கு அடியில் அவர் ஒரு தகரப் பெட்டி வைத்திருப்பார். அதில் ஃபேன் பெல்ட், பிளாட்டினம் பாயிண்ட், கன்டன்சர், கட்டுக்கம்பி, சைக்கிள் டியூப் துண்டு, பழைய துணி, ஒரு பார் சோப் இருக்கும். சோப் குளிக்க அல்ல, பெட்ரோல் டேங்கில் ஒழுகல் வந்தால் அழுத்தித் தேய்த்து அடைப்பதற்கு. சோப்பு தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிட்டால், துணியை நனைத்து ஏ.சி. பம்பின் மேல் போட்டுவிட்டு வேப்பமரத்து நிழலில் உட்காருவார். கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். நான் கல்லூரியில் படிக்காத இயற்பியலை அவரிடம்தான் படித்தேன்.

மலைப்பாதையில் மழை வந்தால் வேறொரு வேடிக்கை. அந்தக் கால வைப்பர் கரண்டில் ஓடாது, எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகத்தில்தான் ஓடும். மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் உறிஞ்சும் சக்தி குறைந்து வைப்பர் நின்றுவிடும். எங்கே பார்வை அதிகம் வேண்டுமோ அங்கே வைப்பர் கிடையாது! டிரைவர் ஒரு கணம் காலை எடுப்பார், வைப்பர் ஒரு வீச்சு வீசும், மறுபடி அழுத்துவார். வால்பாறை ஏறும்போது இந்தத் தாளம் நாற்பது கொண்டை ஊசி வளைவுக்கும் நடக்கும்.

டீசல் வந்தது

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயைக் கட்டுப்படுத்தின. பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்த விலை, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. இங்கே பெட்ரோல் விலை ஏறியதைக் கண்டித்து, நவம்பரில் வாஜ்பாய் பாராளுமன்றத்துக்கு மாட்டு வண்டியில் போனார். லாரிக்கும் விவசாயத்துக்கும் வேண்டும் என்பதால் டீசல் விலையை மட்டும் தாழ்வாகவே வைத்திருந்தார்கள். சொந்தமாக ஜீப் வைத்திருந்தவர்களுக்குக் கணக்கு ஒரே நாளில் மாறிவிட்டது. பெட்ரோல் ஜீப் யானையைக் கட்டித் தீனி போடுவது மாதிரி ஆயிற்று.

கம்பெனியும் டீசலுக்குத் திரும்பியது. முதலில் தன் டிராக்டர் எஞ்சினைப் பயன்படுத்தியது. பிறகு பிரான்சின் பிஜோ கம்பெனியிடம் உரிமம் வாங்கி, எக்ஸ்.டி.பி. 4.90 என்ற எஞ்சினை இங்கேயே செய்தது. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2,112 சி.சி. 1980களில் வந்த எம்.எம். 540 ஜீப்புகளில் இருந்தது இதுதான்.

ஆனால் ஏற்கெனவே ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் ஜீப்புகளை என்ன செய்வது? அதைத் தீர்த்தது கம்பெனி அல்ல, பட்டறைகள். விபத்தில் நொறுங்கிய வண்டியின் டீசல் எஞ்சினைக் காயலான் கடையில் வாங்கிப் பழைய ஜீப்பில் ஏற்றினார்கள். சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம், வடக்கே ஹரியானாவின் மண்டி டப்வாலி, இப்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் ஊர் உண்டு.

எஞ்சினை மாற்றுவது என்றால் ஒன்றை இறக்கி ஒன்றை ஏற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். என் வண்டியைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் அது எத்தனை பெரிய சங்கிலி என்று எனக்கு விளங்கியது. டீசல் எஞ்சினுக்கு அழுத்தம் அதிகம், அதைச் சுற்றிவிட பலமான ஸ்டார்ட்டர் வேண்டும். அதற்குப் பெரிய பேட்டரி வேண்டும். பேட்டரியை நிரப்ப, பழைய டைனமோவும் கட்-அவுட்டும் போதாது, ஆல்டர்னேட்டர் வேண்டும். டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் திரை கிடையாது, ஆகவே உறிஞ்சும் சக்தியும் கிடையாது. அதனால் பழைய வைப்பர் ஓடாது, மின்சார வைப்பர் போட வேண்டும். பிரேக்குக்கு பூஸ்டர் வைத்தால் அதற்கென்று தனியாக வாக்குவம் பம்ப் வேண்டும். எடை கூடுவதால் முன்பக்க ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை சேர்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப ஹீட்டர் பிளக், அதற்கு ஒரு ஸ்விட்ச், ஒரு ஒயர். ஒன்றைத் தொட்டால் பத்தைத் தொட வேண்டும். இத்தனையையும் கையேடு இல்லாமல் யோசித்து முடித்தவர்கள் பலர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்.

ஒரு சனிக்கிழமை கிளட்ச் பிளேட் மாற்றுவதற்காகக் கியர் பாக்ஸை இறக்கினோம். டீசல் எஞ்சினின் போல்ட் துளைகளும் வில்லிஸ் காலத்து மூன்று கியர் பாக்ஸின் துளைகளும் ஒத்துவராது. நடுவே ஒரு அங்குலக் கனத்தில் இரும்புத் தட்டு வைத்து இணைத்திருந்தார்கள். ஒரு பக்கத் துளைகள் எஞ்சினுக்கு, மறுபக்கத் துளைகள் கியர் பாக்ஸுக்கு. மையம் தலைமுடி அளவு விலகியிருந்தாலும் கிளட்ச் அதிரும், பேரிங் போய்விடும். இத்தனை வருடமாக அது அதிரவில்லை. எண்ணெய் அழுக்கைத் துடைத்தபோது தட்டின் ஓரத்தில் எண் குத்தும் உளியால் அடித்த '88' தெரிந்தது. செய்தவர் பெயர் இல்லை. ஆர்.சி. புத்தகத்திலும் அதே வருடம்தான் எரிபொருள் பெட்ரோலிலிருந்து டீசல் என்று மாற்றி எழுதப்பட்டிருக்கிறது.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லேத்துல ஏத்தி, டயல் வெச்சுப் பாத்துச் செஞ்சிருக்கான் சார். அவசரத்துல செஞ்ச வேலை இல்லீங்க" என்றார். ஒரு பட்டறைக்காரர் இன்னொரு பட்டறைக்காரரைப் பாராட்டி நான் கேட்டது அபூர்வம்.

எங்கள் சனிக்கிழமை வேலைகள்

நாங்கள் ஒரு விதி வைத்திருக்கிறோம். நிற்பதிலும் தெரிவதிலும் புதுசு, மற்றதில் பழசு.

நிற்பது என்றால் பிரேக். பழைய ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைக்கு அடியில் இருக்கும். எண்ணெய் ஊற்ற தரைத் தகட்டின் மூடியைக் கழற்ற வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழி. ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நாலிலும் பிரேக் போய்விடும். இதை மாற்றி, முன்சக்கரங்களுக்கு ஒரு வழி, பின்சக்கரங்களுக்கு ஒரு வழி என்று பிரிக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போட்டோம். ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். பேரனை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தெரிவது என்றால் விளக்கு. ஹெட்லைட் கரண்ட் முழுவதும் ஸ்விட்ச் வழியாகவே போய் வந்ததால் வெளிச்சம் மங்கல், ஸ்விட்சும் சூடாகும். ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்தோம். அதே பல்பு இரண்டு மடங்கு எரிவது போல் தெரிகிறது.

மற்றவை எல்லாம் பழசைப் பழசாகவே வைக்கும் வேலை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும் நோய் இருந்தது. புது டயர் போடு என்றார்கள் சிலர். காரணம் டயர் அல்ல, முன் ஆக்ஸிலின் கிங்பின் பேரிங் தேய்ந்து சக்கரம் தலையாட்டியதுதான். பேரிங் மாற்றி, மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து இறுக்கத்தைச் சரிசெய்ய மூன்று சனிக்கிழமை ஆயிற்று. பின் ஆக்ஸிலில் 43 பல்லுக்கு 8 பல் என்ற பழைய கணக்கு அப்படியே இருக்கிறது. அதனால் வேகம் கிடையாது, ஆனால் ஆனைமலை அடிவாரத்துச் சேற்றில் மூச்சு வாங்காமல் ஏறும். ஃபோர் வீல் கியர் பெட்டியில் ஆயில் சொட்டுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. "சொட்டலைன்னா ஆயில் இல்லைன்னு அர்த்தம் சார்" என்று பாய் சமாதானம் சொல்வார்.

இப்போதைய சங்கடம்

பதிவைப் புதுப்பிக்க வேண்டிய காலம் நெருங்குகிறது. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிகளை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை காட்டி, தகுதிச் சான்று வாங்கிப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக உயர்த்தினார்கள். பதினைந்து வருடம் தாண்டிய அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிப்பே கிடையாது. நான் பயணம் செய்த ஜீப்புகளின் தம்பிமார்கள் எல்லாம் உடைக்கப்படும் வரிசையில் நிற்கிறார்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு நல்ல காரியமும் செய்தது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம். ஆனால் ஒரு நிபந்தனை: வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும், சேஸியிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

பெங்களூரில் இருக்கும் மகன் இதைப் படித்துவிட்டு போன் செய்தான். "அப்பா, டீசலை எறக்கிட்டு ஒரு பழைய ஹரிக்கேன் எஞ்சின் தேடிப் போடலாம்ப்பா. ஒரிஜினல் ஆயிட்டா மதிப்பே வேற" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த எஞ்சினும் சரித்திரம்தான், அதை ஓடும் நிலையில் வைத்திருக்க யாராவது வேண்டும். பழைய டீசல் புகை விடுகிறது என்பதும் உண்மை. சட்டத்தின் கவலையும் எனக்குப் புரிகிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தெருவில் மற்றவர்களும் போக வேண்டும் அல்லவா?

ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. இந்த வண்டி அறுபது வருடம் தாண்டி உயிரோடு இருப்பதே 1988ல் ஒருவர் அதை மாற்றியதால்தான். அன்று மாற்றாமல் இருந்திருந்தால், பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாமல், இதன் இரும்பு எப்போதோ ஜன்னல் கம்பியாகியிருக்கும். காப்பாற்றிய வேலையே இப்போது குறை ஆகிறது. அந்தத் தட்டைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டுத்தான் 'அசல்' என்ற பட்டத்தை வாங்க வேண்டுமாம்.

எது அசல் என்பதில் அமெரிக்காவிலேயே குழப்பம்தான். ஜீப் என்ற பெயர் வில்லிஸிடமிருந்து கைசருக்கும், அங்கிருந்து அமெரிக்கன் மோட்டார்ஸுக்கும், 1987ல் கிரைஸ்லருக்கும், இப்போது ஸ்டெலாண்டிஸுக்கும் கைமாறியிருக்கிறது. 2018ல் மஹிந்திரா அமெரிக்காவில் 'ராக்ஸர்' என்ற வண்டியை விற்கத் தொடங்கியபோது, எங்கள் ஜீப்பின் தோற்றத்தைக் காப்பியடித்தார்கள் என்று வழக்குப் போட்டு, 2020ல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பும் ஆயிற்று. மஹிந்திரா முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்கா 1968ல் கைவிட்ட உடலை அதன் பிறகும் இங்கே செய்துகொண்டும் திருத்திக்கொண்டும் இருந்தவர்களுக்கு, அந்த முகத்தில் பங்கில்லை என்பது தீர்ப்பு. சட்டப்படி சரியாகவே இருக்கலாம்.

பாயிடம் கேட்டேன். "எறக்கறது ஒரு நாள் வேலைதாங்க சார். ஏத்தறதும் முடியும். ஆனா அந்தத் தட்டு மறுபடி எந்த வண்டிக்கும் சேராதுங்க. அவன் இந்த வண்டிக்குன்னு செஞ்சது" என்றார்.

நான் முடிவு செய்துவிட்டேன். டீசல் இருக்கட்டும். வின்டேஜ் பட்டம் வேண்டாம். சாதாரண வண்டியாகவே கொண்டுபோய்க் காட்டி, தகுதி கிடைக்கும் வரை புதுப்பித்துக்கொள்கிறேன். கிடைக்காத நாள் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கும் விடியற்காலை போடியிலும் கம்பத்திலும் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பாருங்கள். அவற்றில் எதைக் கழற்றிப் பார்த்தாலும் இப்படிப்பட்ட தட்டுகளும் பட்டைகளும் வெல்டிங் தையல்களும் இருக்கும். நம் ஊர் ஜீப்பின் சரித்திரம் எழுதப்பட்டிருப்பது அங்கேதான். அதற்குக் கண்காட்சியில் இடம் இல்லை என்பதால் அது சரித்திரம் இல்லை என்று ஆகிவிடாது.

ஒரு காரியம் மட்டும் தொடங்கியிருக்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வண்டியில் கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் எழுதுகிறேன். எது 1964ல் வந்தது, எது பிறகு போட்டது, அளவு என்ன, எதற்காக மாற்றியிருக்கக்கூடும் என்பதை எல்லாம் எழுதுகிறேன். பாய் சொல்வதை அவர் வார்த்தையிலேயே குறித்துக்கொள்கிறேன். அவருக்கு எழுபத்தாறு வயது. அவர் மகன் பட்டறையில் கம்ப்யூட்டர் வைத்துத்தான் வண்டி பார்க்கிறார், கிங்பின்னுக்குத் தகடு வைக்க அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டில் பழைய ஜீப்போ, டிராக்டரோ, மோட்டார் பம்போ வைத்திருக்கும் நண்பர்கள் இதேபோல் ஒரு நோட்டுப் போட்டு, அதைச் சரிசெய்து தந்தவர் இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். யார் செய்தார் என்ற இடத்தில் என் நோட்டில் '88' என்று மட்டும்தான் எழுத முடிந்தது. உங்கள் நோட்டிலாவது ஒரு பெயர் இருக்கட்டும்.